பொதிகைச் சரிவில் கோடை இடி

பங்குனி, சித்திரை மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கைகளில் இரண்டு வரிகள் அடிக்கடி அடுத்தடுத்து வரும். தென் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்பது முதல் வரி. அதையடுத்த நாட்களில் அதிகபட்ச வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை படிப்படியாக உயரக்கூடும் என்பது இரண்டாவது வரி. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். மழை பெய்தால் ஊர் குளிர வேண்டும்தானே?

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு மணிமுத்தாறு அணைக்குப் பின்னால் மலை கறுக்கும். நான்கு மணிக்கு அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் இடி முழங்கும். ஐந்தரைக்கெல்லாம் மழை விட்டு, தெருவில் மண்வாசனை மட்டும் மிஞ்சும். மறுநாள் புழுக்கம் தாங்காது. மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த வரிசையை அவர்கள் ஆண்டுதோறும் பார்த்துப் பழகியவர்கள். இடியும் அதன் பின் ஏறும் வெயிலும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. அந்தக் காரணம் புரிந்தால், வானிலை அறிக்கையின் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வரும். அப்படிப் படிப்பது சில சமயம் உயிரையே காப்பாற்றும்.

இரண்டு கடல்களுக்கு நடுவே

மணிமுத்தாறு எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அணையிலிருந்து கிழக்கே நேர்கோட்டில் போனால் சுமார் 75 கிலோமீட்டரில் மன்னார் வளைகுடா. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அங்கேதான் இருக்கிறது. மேற்கே நேர்கோட்டில் போனால் மலையைத் தாண்டி ஏறத்தாழ அதே தொலைவில் அரபிக்கடல், கேரளத்தின் அஞ்சுதெங்குக் கடற்கரை. இரண்டு கடல்களுக்கும் கிட்டத்தட்ட சரிபாதியில் இந்த அணை நிற்கிறது. அதன் முதுகுப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை செங்குத்தாக எழுகிறது. சற்று மேற்கே, பொதிகை என்றும் அழைக்கப்படும் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை.

கோடைப் பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். சூடான நிலத்தின் மீதுள்ள காற்று விரிந்து மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் முற்பகலிலேயே தொடங்கும் கடற்காற்று, பிற்பகலில் ஸ்ரீவைகுண்டம், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி என்று மேற்கு நோக்கி நகரும். அதே நேரத்தில் அரபிக்கடலின் காற்று கேரளப் பக்கத்துச் சரிவில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டும் மலை முகட்டை ஒட்டிச் சந்திக்கின்றன. எதிரெதிராக வந்த இரண்டு ஈரக் காற்றுகளுக்குப் போக்கிடம் ஒன்றுதான்: மேலே. மலைச்சரிவும் தன் பங்குக்கு அவற்றை மேலே தள்ளுகிறது. வானிலை அறிக்கைகளில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று வரும் சொல்லுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

இதற்குத் துணையாக இன்னொன்றும் உண்டு. மார்ச் முதல் மே வரை தென்னிந்திய நிலப்பரப்பின் மீது வடக்குத் தெற்காக ஒரு காற்றுப் பிரிகோடு அடிக்கடி உருவாகும். மராட்டியத்தின் உள்பகுதியில் தொடங்கி, கர்நாடகம் வழியாகக் குமரிக்கடல் வரைகூட அது நீளும். கோட்டின் மேற்கே வறண்ட வடமேற்குக் காற்று. கிழக்கே வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தெற்குக் காற்று. இரண்டு குணமுள்ள காற்றுகள் உரசும் இந்தக் கோடு எந்த மாவட்டத்தின் மீது படிகிறதோ, அங்கே இடிமேகம் திரள வாய்ப்பு அதிகம். கோடு சற்று விலகினால் அதே மாவட்டத்தில் வெயில்தான்.

சூரியனும் இந்த நாட்களில் நெல்லைக்கு நேர் மேலே வருகிறது. ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சக்கோட்டில் இருக்கும் இந்தப் பகுதியில் ஏப்ரல் 12, 13 வாக்கில், அதாவது சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பு, நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். சென்னைக்கு அது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் நிகழும். மே மாதத்துக் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே பொதிகையின் அடிவாரம் சூரிய ஆற்றலை முழுவீச்சில் வாங்கத் தொடங்கிவிடுகிறது.

இடிமேகத்தின் ஒரு மணி நேரம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-இல் ஃபுளோரிடாவிலும் 1947-இல் ஒஹையோவிலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இடிமேகங்களுக்குள் விமானங்களைத் திரும்பத் திரும்பச் செலுத்தி அளவெடுத்தார்கள். ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் ஆகியோர் அந்த அளவுகளிலிருந்து கண்டறிந்து சொன்ன செய்தி இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. சாதாரண இடிமேகம் ஒன்றுக்கு மூன்று பருவங்கள் உண்டு. வளரும் பருவத்தில் உள்ளே காற்று மேல்நோக்கி மட்டுமே வீசும். முதிர்ந்த பருவத்தில் ஒரு பக்கம் காற்று ஏற, இன்னொரு பக்கம் மழையோடு சேர்ந்து இறங்கும். தேயும் பருவத்தில் இறங்கும் காற்று மட்டுமே எஞ்சும். மூன்றும் சேர்ந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மலையிலுள்ள மாஞ்சோலைக்கு மேலே மதியத்தில் திரளும் மேகத்திலும் இதே வரிசைதான். மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகும்போது, ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. கடலில் நீரை ஆவியாக்கச் சூரியன் செலவிட்ட ஆற்றல் அது. அந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றைச் சுற்றிலும் உள்ள காற்றைவிடச் சூடாக வைத்திருப்பதால், அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும். இடிமேகத்தின் உச்சியோ 12 முதல் 16 கிலோமீட்டர் வரை போகும். கீழே அணைக்கரையில் 37 டிகிரி வெயில் காயும்போது, அதே மேகத்தின் தலைப்பகுதி உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்த பனித்துகள்களால் ஆனதாக இருக்கும்.

மின்னல் பிறப்பதும் அந்தப் பனிப்பகுதியில்தான். எடை கூடிய பனி உருண்டைகள் விழும்போது, மேலேறும் சிறு பனித்துகள்களோடு மோதுகின்றன. மோதலில் மின்னேற்றம் கைமாறுகிறது. நேர் மின்னேற்றம் பெற்ற துகள்கள் மேகத்தின் உச்சிக்குப் போகின்றன. எதிர் மின்னேற்றம் பெற்ற உருண்டைகள் நடுப்பகுதியிலும் கீழேயும் தங்குகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு காற்றால் தடுக்க முடியாத அளவுக்குப் பெருகும்போது மின்னல் வெட்டுகிறது. அது பாயும் பாதையில் காற்று ஒரு கணத்தில் 30,000 டிகிரி வரை சூடாகும். சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம். அந்தத் திடீர் விரிவின் அதிர்வுதான் இடி. ஒலி மூன்று விநாடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கடக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்பது விநாடி என்றால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது.

மழை இறங்கத் தொடங்கியதும் மேகத்தின் முடிவும் தொடங்குகிறது. விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி எல்லாத் திசையிலும் பரவும். மழைக்குச் சில நிமிடங்கள் முன்பு திடீரென்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசும் சில்லென்ற காற்று அதுதான். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்தால் களக்காடு, திருக்குறுங்குடி பக்கத்தில் குலை தள்ளிய ஏத்தன் வாழைகள் வரிசை வரிசையாக ஒடிந்து விழும். மழையின் அளவு 10 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டியிருக்காது. இழப்புக்குக் காரணம் அந்தச் சில நிமிடக் காற்றுதான். இதே குளிர்காற்று மேகத்துக்கு ஊட்டம் தந்த சூடான ஈரக்காற்றின் வழியையும் அடைத்துவிடுகிறது. மேகம் தன் வாயைத் தானே மூடிக்கொண்டு கரைந்துபோகும்.

மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பதை உயரத்தில் வீசும் காற்று முடிவு செய்கிறது. அது கிழக்கிலிருந்து வீசினால், முகட்டில் பிறந்த இடிமேகம் கேரளத்துக்குள் இறங்கும். மணிமுத்தாறில் நிற்பவர் மலைக்கு அப்பால் மின்னுவதை மட்டும் பார்ப்பார். மேற்கிலிருந்து வீசினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, சில நாட்களில் நெல்லை நகரம் வரையிலும் மழை வரும்.

மழை விட்ட பிறகு

இப்போது இரண்டாவது வரிக்கு வரலாம்: மழைக்குப் பின் வெப்பம் ஏன் ஏறுகிறது?

மழை பெய்த மாலையில் வெப்பநிலை சில நிமிடங்களிலேயே பத்து டிகிரி வரைகூட இறங்குவதுண்டு. மேலிருந்து இறங்கிய குளிர்காற்றின் விளைவு அது. நள்ளிரவைத் தாண்டி நீடிக்காது. மறுநாள் காலை வெயில் அடிக்கும்போது தரையில் ஈரம் இருக்கிறது. சூரிய ஆற்றலில் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதற்கே செலவாகிறது; காற்றைச் சூடாக்க மிச்சம் குறைவு. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். அதனால் மழைக்கு மறுநாள் பாளையங்கோட்டை வெப்பமானி சற்றுக் குறைவாகவே காட்டும்.

கணக்குப் போட்டால் இது எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். மேகமில்லாத ஏப்ரல் நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குச் சுமார் 2.2 கோடி ஜூல் சூரிய ஆற்றல் கிடைக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் வேண்டும். வந்த ஆற்றலில் ஒரு பகுதி எதிரொளித்தும் கதிர்வீச்சாகவும் திரும்பிப் போய்விடும். மீதியைக் கொண்டு ஒரு நாளில் 5 லிட்டர் அளவுக்கு ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். பெய்த மழையில் ஓடியதும் ஆழமாக இறங்கியதும் போக, மேல்மண் 10 மில்லிமீட்டரைப் பிடித்து வைத்திருந்தால் அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் சூரியன் வறண்ட மண்ணைச் சந்திக்கிறது. அறிக்கையின் இரண்டாவது வரி 'அடுத்த இரு தினங்களில்', 'படிப்படியாக' என்று சொல்வதன் அடிப்படை இதில்தான் இருக்கிறது.

மண்ணுக்கு மண் இந்தக் கணக்கு மாறும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதியின் தேரிச் செம்மணல் மழையை அப்படியே உள்ளே விட்டுவிட்டு மறுநாளே காய்ந்து நிற்கும். நஞ்சை வயலும் குளமும் நிறைந்த அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வெப்பம் ஏறச் சற்றுக் கூடுதல் நாளாகும்.

இடைப்பட்ட அந்த இரண்டு நாட்களை இதமான நாட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடல் அதை ஒத்துக்கொள்ளாது. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உலகெங்கும் பயன்படும் வெப்பக் குறியீட்டு அட்டவணையின்படி, 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 விழுக்காடு இருந்தால் உடலுக்கு அது 37 டிகிரி போலத் தெரியும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 50 டிகிரி போல வாட்டும். ஈரக்காற்று இரவில் தரையின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுப்பதால் இரவும் ஆறாது. கட்டட வேலை செய்பவர்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், நூறு நாள் வேலைக்குக் குளக்கரையில் மண் வெட்டுபவர்கள், தகரக் கூரையின் கீழ் வாழும் முதியவர்கள் ஆகியோருக்கு மழைக்கு மறுநாளின் புழுக்கம், வறண்ட வெயிலைவிடக் கடுமையான சோதனை.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அது வெப்ப அலை. கடலோரத்தில் 37 டிகிரி போதும். புழுக்கம் இந்த அளவுகோலுக்குள் முழுமையாக வருவதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது நல்ல தொடக்கம். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எச்சரிக்கைகள் கிராமம் வரை போய்ச் சேர்வது அடுத்த தேவை.

புயல் தள்ளிப்போனால் வெயில்

எல்லாக் கோடை மழையும் மதியம் திரண்டு மாலையில் கரையும் வகை அல்ல. குமரிக்கடலின் மீதோ அதை ஒட்டியோ வளிமண்டலத்தின் கீழடுக்கில் ஒரு சுழற்சி நிலைகொண்டால் கதையே வேறு. கடலிலிருந்து ஈரம் நாள் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். இரவிலும் அதிகாலையிலும்கூட மழை பெய்யும். 2024 மே மாதத்தின் நடுப்பகுதியில் தென் மாவட்டங்கள் கண்டது இந்த வகை. ஏப்ரல் மாதம் முழுவதும் உள்மாவட்டங்களில் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலுக்குப் பிறகு வந்த அந்த மழையை மக்கள் கொண்டாடினார்கள். விடுமுறைக் கூட்டம் அருவிகளுக்குத் திரண்டது. மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதன் பின் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது.

கடல் இதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்ளும். 2019 ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் உருவான ஃபானி புயல், தமிழகக் கரைக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பைத் தொடக்கத்தில் எழுப்பியது. பிறகு வடக்கே வளைந்து, மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரையைக் கடந்தது. தள்ளிப்போகும் புயல் சுற்றுவட்டத்து ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தமிழகத்தின் மீது நிலத்திலிருந்து வீசும் வறண்ட மேற்குக் காற்று வலுக்கும். கடற்காற்று உள்ளே வர முடியாமல் தாமதமாகும். மழையை எதிர்பார்த்த ஊர்களில் வெயில் ஏறும். ஃபானி அதைத்தான் செய்தது. 2024 மே இறுதியில் வங்கதேசக் கரையை நோக்கிப் போன ரெமல் புயலின்போதும் தமிழகத்தில் வெயில் மீண்டும் தலைதூக்கியது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்த பிறகும் நெல்லைச் சமவெளிக்கு வெப்பம் உடனே குறைவதில்லை. கேரளச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு முகட்டைக் கடக்கும் காற்று, கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகும். செங்கோட்டைக் கணவாயின் வழியே தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கிடைக்கும் அதே நாளில், பாளையங்கோட்டையில் சூடான மேல்காற்றுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை தமிழகத்தின் சராசரியில் 125 மில்லிமீட்டர் அளவுதான். 440 மில்லிமீட்டர் தரும் வடகிழக்குப் பருவமழையோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் தை முடிந்தது முதல் ஐப்பசி வரை சமவெளிக்குக் கிடைக்கும் உருப்படியான ஈரத்தில் இதன் பங்கு பெரிது.

'ஓரிரு இடங்கள்' எவை?

வானிலை அறிக்கையின் சொற்களுக்கு அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை எதிர்பார்க்கப்படுகிறது. 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'மிதமான மழை' என்பது 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. 64.5 தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. 'ஓரிரு இடங்களில் மழை' என்று சொன்ன நாளில் தன் ஊரில் ஒரு சொட்டும் விழவில்லை என்றால் அறிக்கை பொய்த்தது என்று பொருளல்ல. நான்கில் மூன்று ஊர்கள் காய்ந்திருக்கும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லியிருக்கிறது.

நெல்லை மாவட்டத்தின் மழைமானிப் பட்டியலைப் பார்த்தாலே இதன் உண்மை விளங்கும். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை ஆகியவை மலை மேல் இருக்கும் தேயிலைத் தோட்ட ஊர்கள். மணிமுத்தாறு, பாபநாசம், சேர்வலாறு ஆகியவை அணைகள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் ஆகியவை சமவெளி. காக்காச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; கிழக்கே சமவெளியில் இறங்கினால் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடை மழை நாளில் ஊத்தில் பல சென்டிமீட்டர் பதிவாகியிருக்க, ராதாபுரத்துக்கு நேரே பூச்சியம் நிற்பது வழக்கமான காட்சி.

கணினிக் கணிப்புகளுக்கு இந்த நிலப்பரப்பு எளிதான களம் அல்ல. வானிலை மாதிரிகள் நாட்டைச் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நெடுங்காலம் 12 கிலோமீட்டர் சதுரங்களில் ஓடிய இந்தியாவின் உலகளாவிய கணிப்பு, 2025 மே மாதம் தொடங்கப்பட்ட பாரத் கணிப்பு முறையில் 6 கிலோமீட்டருக்கு வந்திருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறை இது. பெரிய முன்னேற்றம்தான். இருந்தாலும் ஒரு தனி இடிமேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்கள். மணிமுத்தாறு அடிவாரத்துக்கும் மாஞ்சோலைக்கும் இடையே சில சதுரங்களுக்குள்ளேயே நிலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயர்ந்துவிடுகிறது. 'இந்த வாரம் தென் மாவட்டங்களில் இடிமழைக்குச் சாதகமான சூழல்' என்று பல நாள் முன்பே சொல்ல முடியும். 'வியாழக்கிழமை நான்கு மணிக்குச் சிங்கம்பட்டியில்' என்று சொல்ல முடியாது. அந்த அளவு துல்லியம் ரேடாரும் செயற்கைக்கோளும் மேகத்தைப் பார்த்த பிறகு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென வெளியாகும் உடனடி அறிவிப்பில் மட்டுமே ஓரளவு கிடைக்கும்.

ஆகவே வாரக் கணிப்பைத் திட்டமிடவும், மூன்று மணி நேர அறிவிப்பை முடிவெடுக்கவும் பயன்படுத்துவதே முறை.

வயலில், வெளியில், அருவியில்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். அந்த நேரத்தில் வரும் இடிமழை முற்றிய கதிரைச் சாய்க்கும். களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் குவிந்திருக்கும் நெல்லை நனைக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் விளைந்த உப்பு ஒரே மழையில் கரையும். மறுபக்கம், இதே மழைதான் அறுவடை முடிந்த நிலத்தில் கோடை உழவுக்கு ஏற்ற பதத்தைத் தருகிறது. ஈரம் பட்டு இளகிய மண்ணைப் புரட்டிப் போட்டால், அடுத்து வரும் வெயில் களை வேர்களையும் மண்ணுக்குள் இருக்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களையும் காய வைத்துவிடும். மழைக்குப் பின் வெயில் என்ற வரிசை உழவருக்கு இங்கே நேரடியாக உதவுகிறது. இடையில் கிடைப்பது இரண்டு, மூன்று நாட்கள்தான். டிராக்டரைப் பேசி வைக்க வேண்டியது மழைக்கு முன்பு. ஜூன் முதல் வாரத்தில் கார் சாகுபடிக்கு அணை திறப்பதை எதிர்நோக்கும் கன்னடியன், நதியுண்ணி, கோடைமேலழகியான் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு, மே மாத மலை மழை பாபநாசம் அணையில் ஏற்றும் ஒவ்வோர் அடியும் நாற்றங்காலுக்கான நம்பிக்கை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரக் காடுகளில் காய்ந்து கிடக்கும் புல்லுக்குத் தீப்பிடிக்கும் ஆபத்தும் ஒரு நல்ல கோடை மழையில் தணியும்.

மின்னலைப் பற்றி அலட்சியம் கூடாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் திறந்த வெளியில் இருந்த உழைப்பாளிகள். மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கூரையுள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். தனித்து நிற்கும் பனையோ புளியோ அடைக்கலம் தராது; அவையே மின்னலின் முதல் இலக்கு. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொட்டு, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம். புனே நிறுவனத்தின் 'தாமினி' செயலி, கைப்பேசி இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். ஊருக்கு ஒருவர் அதை வைத்திருந்தாலும் ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒரு குரல் கொடுக்க முடியும்.

அருவிகளின் ஆபத்து வேறு வகையானது. மலை மேல் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழுவது 5 கோடி லிட்டர் நீர். பாறையும் செங்குத்துச் சரிவும் நிறைந்த ஓடையில் அதன் பெரும்பகுதி சிறிது நேரத்தில் கீழே வந்து சேரும். கீழே மணிமுத்தாறு அருவியிலோ பாபநாசம் அகத்தியர் அருவியிலோ அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். இடிச்சத்தம்கூட அருவியின் இரைச்சலில் கேட்காமல் போகலாம். நீர் கலங்குவதும், சருகும் குச்சிகளும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும்தான் கடைசி அறிகுறிகள். அவற்றைக் கண்ட பிறகு கரையேறக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஊத்திலும் நாலுமுக்கிலும் காக்காச்சியிலும் மழை அளக்கப்படுகிறது. மார்ச் முதல் மே வரை பிற்பகல் இரண்டு மணி தொடங்கி, அந்த அளவை மணிக்கொருமுறை கீழே தெரிவித்து, மணிமுத்தாறு அருவியின் சோதனைச் சாவடியிலும் பாபநாசத்திலும் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கலாம். மலையில் இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் குளிக்க அனுமதி இல்லை என்று முன்கூட்டியே வரம்பு வகுத்துவிட்டால், வெள்ளம் வந்த பிறகு தடை போடும் நிலை மாறும். வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் வரும் கோடைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். அதுவரை அருவிக்குப் போகிறவர்கள் தண்ணீரில் இறங்குமுன் வானிலை மையத்தின் மூன்று மணி நேர அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மலை கறுத்திருந்தால் அன்றைக்குக் குளியலை விட்டுவிட வேண்டும்.